கட்டி வந்த வீடும் வரைந்து வைத்த பொருளும்

(சிராவகர் பாடம்)



அண்மைக் காலத்தில் நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். செஞ்சியைச் சூழ்ந்த ஊர்களில் நம் முன்னோர் கட்டிய ஓட்டு வீடுகள் பல, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடுகளாகிவிட்டன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் பணிபுரிகின்றனர். பழைய வீட்டை இடித்துவிட்டு, ஆலையில் செய்த சுவர்களையும் கூரையையும் வண்டியில் கொணர்ந்து சில வாரங்களில் பொருத்திவிடலாம் என்றும், உள்ளே வெண்சுவரும் வெறுந்தரையும் இரண்டொரு பொருளுமாக எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் கூறுகின்றனர். என்னிடம் பயின்ற மாணவி ஒருவர், இன்று தாமும் ஆசிரியையாக இருப்பவர், இதனைக் கூறிவிட்டு, "டீச்சர், இவ்வாறு பொருள் குறைத்து வாழ்வதுதானே நாம் படித்த மிகுபொருள் விரும்பாமை?" என்று வினவினார்.

வினா நன்று; விடையோ ஒரு சொல்லில் அடங்காது. அதனை இரண்டாகப் பகுத்துக்கொள்வோம். ஆயத்த வீடு என்பது யாது, அதன் நன்மை தீமைகள் யாவை என்பது முதற்பகுதி. பொருள் குறைந்த அறையும் பொருளளவு வரைந்த விரதமும் ஒன்றுதானா என்பது இரண்டாம் பகுதி.

1. ஆயத்த வீடு புதியதா?

உறுப்புகளை ஓரிடத்தில் செய்து, பிறிதோரிடத்தில் பொருத்துவதே ஆயத்தக் கட்டுமானத்தின் இலக்கணம். இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு நோக்கினால், இது நமக்கு முற்றிலும் புதியதன்று என்பது விளங்கும். அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்ந்தபோது வெளிப்பட்ட உறைகிணறுகளை எண்ணிப் பாருங்கள். சூளையில் சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கிணறு அமைத்தனர் பண்டைத் தமிழர். இன்று நம் தெருக்களில் சிமென்ட் உறை இறக்கும் தொழிலாளர் செய்வதும் அதுவே. மனையைச் சுற்றித் தூண்களை நட்டு, அவற்றின் பள்ளங்களில் பலகைகளைச் செருகும் "ரெடிமேட் காம்பவுண்டு" சுவரைக் காணாத ஊர் இன்று அரிது. அதே முறையை வீடு முழுமைக்கும் விரித்தால் அஃது ஆயத்த வீடாகும்.

மேலை நாட்டில் 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் எழுந்த பளிங்கு மாளிகை இம்முறைக்குப் பெயர்பெற்ற முன்னோடி. இரும்புச் சட்டங்களையும் கண்ணாடிப் பலகைகளையும் ஒரே அளவாகச் செய்து பொருத்தியமையால், அப்பெரிய கட்டடம் ஓராண்டிற்கும் குறைந்த காலத்தில் முடிந்தது.

நம் நாட்டில் இம்முயற்சி விடுதலை பெற்ற உடனேயே தொடங்கிற்று. பிரிவினையால் வீடிழந்து வந்த மக்களுக்கு விரைந்து வீடு தர வேண்டிய நெருக்கடி அது. 1948 இல் நடுவண் அரசு தில்லியில் ஆயத்த வீட்டு ஆலை ஒன்றை நிறுவ முற்பட்டது. செருமனியிலிருந்து வந்து மைசூர் அரசில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் அதற்கு வழிகாட்டினார். நுரைக் கான்கிரீட்டால் சுவர்ப் பலகைகள் வார்க்கப்பட்டன. ஆயின் பலகைகள் விரிசல் கண்டன, உடைந்தன. அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆலை மட்டும் பிற கான்கிரீட் உறுப்புகளைச் செய்யும் பணிக்குத் திரும்பி நிலைத்தது. 1978 இல் ஹிந்துஸ்தான் பிரீஃபேப் லிமிடெட் என்று பெயர் பெற்றது. எண்ணம் நல்லதாயினும், பொருளும் பொருத்தும் தேர்ந்தவையாக இல்லாவிடின் வீடு நிற்காது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

தமிழ்நாட்டின் அண்மைக் கால எடுத்துக்காட்டுகள் இரண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2013 இல் கண்ணாடி இழை கலந்த ஜிப்சப் பலகைகளால் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டடுக்கு மாதிரி வீடு ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுப்பப்பட்டது. அப்பலகை 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 124 மில்லிமீட்டர் கனமும் உடையது. உள்ளே குழிகள் உண்டு. வேண்டுமிடத்து அவற்றில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்புவர். உர ஆலைகளில் மலைபோல் குவியும் ஜிப்சக் கழிவு இங்குச் சுவராகிறது என்பது குறிக்கத்தக்கது.

மற்றொன்று, சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் உறுப்புகளால் எழுந்த 1,152 வீடுகள். 2021 சனவரி முதல் நாள் அடிக்கல் நாட்டப்பெற்று, 2022 மே 26 அன்று அவை திறந்துவைக்கப்பட்டன. ஏறத்தாழப் பதினேழு மாதங்களில் ஆயிரம் குடும்பங்களுக்கு மேல் கூரை கிடைத்தது. ஆயத்த வீடு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

2. அமைக்கும் முறையும் அறியவேண்டுவனவும்

அடித்தளம் மனையிலேயே இடப்படும். சுவரும் தளமும் ஆலையில் அச்சுகளில் வார்க்கப்பெற்று, பதப்பட்டபின் வண்டியில் வரும். பளுதூக்கி அவற்றை நிறுத்தும். மூட்டுகளில் கம்பி இணைத்துக் கலவை நிரப்புவர். சிறிய வீடுகளுக்கு எஃகுச் சட்டம் நிறுத்தி, இருபுறமும் தகடும் நடுவே நுரையோ பாறைப் பஞ்சோ வைத்த பலகைகளைப் பொருத்தும் முறையும் உண்டு.

முடிவெடுக்கும் முன் பின்வரும் ஐந்தனையும் கேட்டறிதல் வேண்டும்.

முதலாவது, வழி. நீண்ட வண்டியும் பளுதூக்கியும் தெருவினுள் வரவேண்டும். நம் ஊர்களின் பழைய தெருக்கள் பலவற்றில் வைக்கோல் வண்டியே திணறித் திரும்பும்.

இரண்டாவது, வெப்பம். செஞ்சி பாறை சூழ்ந்த ஊர். பகலில் காய்ந்த பாறை இரவிலும் அனல் வீசும். மெல்லிய தகட்டுச் சுவர் விரைந்து சூடேறும். உள்ளே வைக்கும் வெப்பத்தடையின் கனமே அங்கு வாழ்வாரைக் காக்கும். நுரைப்பலகையாயின் தீப்பற்றும் தன்மையையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, மழை. 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின்போது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்ததை நம் மாவட்டத்தார் மறவார். ஆயத்த வீட்டில் நீர் புகும் வாயில் மூட்டுகளே. மூட்டு அடைப்பின் உறுதியையும், தரை மட்டத்திலிருந்து மனை எழும் உயரத்தையும் எழுத்தில் பெறுதல் நன்று.

நான்காவது, பின்னர் மாற்ற இயலாமை. செங்கற்சுவரில் வேண்டும்போது ஆணி அறையலாம். விளக்கு மாடம் குடையலாம். வார்த்த சுவரில் உளி வைத்தல் ஆகாது. அருகன் படிமம் எழுந்தருளும் இடம், தண்ணீர் வடிகட்டும் இடம், முதியோர் பற்றி நடக்கும் கைப்பிடி, படியில்லாக் குளியலறை என அனைத்தையும் ஆலைக்கு எழுதும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, இடிப்பு. நிற்கும் வீட்டைப் பழுதுபார்த்து வாழ இயலுமா என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும். இடித்தே தீரவேண்டுமெனின், தேக்கு உத்தரமும் கற்றூணும் ஓடும் குப்பைக்குச் செல்லாமல் மீண்டும் பயன்பட வழி தேடல் வேண்டும்.

3. ஆரம்ப ஹிம்சை நோக்கில்

இல்லறத்தார் சமைத்தல், கட்டுதல், தூய்மை செய்தல் முதலியவற்றால் நேரும் உயிர் வருத்தத்தை ஆரம்ப ஹிம்சை என்பர் நம் ஆசாரியர்கள். அதனை முற்றும் தவிர்த்தல் இல்லறத்தார்க்கு இயலாது, குறைத்தல் இயலும்.

ஆயத்த முறையில் மனையில் மணல் மேடும் செங்கல் குவியலும் மாதக்கணக்கில் கிடப்பதில்லை. அவற்றினுள் குடிபுகும் சிற்றுயிர்கள் பின்னர் மடிவதும் குறைகிறது. நீர் தேங்குவதும் கழிவும் குறைகின்றன. இவை உண்மையான நன்மைகள். ஆயினும் சிமென்டும் எஃகும் எங்கோ ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறையைப் பிளந்தும் நிலக்கரியை எரித்தும் செய்யப்படுவனவே. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமென்டினால் வருவது என்பர். நம் மனையில் நிகழவில்லை என்பதனால் வருத்தம் நிகழவே இல்லை என்று கொள்ளலாகாது. ஆகவே, எத்துணை விரைவாக எழுப்பினோம் என்பதைவிட எத்துணைச் சிறிதாக எழுப்பினோம் என்பதே அறத்திற்கு உரிய கணக்கு.

4. வெற்றறையும் விரதமும்

இனி இரண்டாம் பகுதிக்கு வருவோம். இக்காலத்தார் "மினிமலிசம்" என்று வழங்கும் குறைபொருள் அமைப்பு, கட்டடக் கலைஞர்களால் வளர்க்கப்பட்டது. ஜப்பானியக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976 இல் ஒசாகா நகரில் கட்டிய சுமியோஷி வீடு இதற்குப் பெயர்பெற்றது. வெறும் கான்கிரீட் சுவர்கள்; மூன்றிலொரு பகுதி வானம் நோக்கித் திறந்த முற்றம்; ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அம்முற்றத்தைக் கடந்தே செல்லுதல் வேண்டும்; மழை பெய்தால் குடை வேண்டும். முற்றம் வைத்த வீட்டில் பிறந்த நமக்கு இது வியப்பன்று. உலகம் புதுமை என்று போற்றுவது நம் பாட்டியர் நாளும் பெருக்கிக் கோலமிட்ட இடமே.

நம் நாட்டில் 1936 இல் காந்தியடிகள் சேவாகிராமம் சென்று வாழ்ந்த குடில்களையும் இங்கு நினைக்கலாம். மண் சுவர், மூங்கில், நாட்டு ஓடு. உள்ளே பாயும் சிறு மேசையும். அடிகள் தம் ஆன்மிக ஐயங்களுக்கு விளக்கம் பெற்றவருள் ஒருவர் சமணச் சான்றோர் ஸ்ரீமத் ராஜசந்திரர் என்பது வாசகர் அறிந்ததே.

குறைபொருள் அமைப்பால் நமக்கு ஒரு நேர்ப்பயன் உண்டு. பொருள் குறைந்த அறையில் மூலை முடுக்கு குறைவு, தூசு குறைவு, சிலந்தியும் எறும்பும் கூடமைக்கும் இடம் குறைவு. பெருக்கும்போது உயிர் நோகாமல் பார்த்துப் பெருக்க இயலும். முதியோர் தடுக்கி விழார். ஆயின் பொருளையெல்லாம் வழவழப்பான கதவுகளுக்குப் பின்னே அடைத்து வைத்து, வெளியே வெறுமை காட்டுதல் இப்பயனைத் தாராது. இருளில் அடைத்த பொருளிலேயே பூச்சி பெருகும்.

இவ்விடத்தில் நூற்கருத்துகளை ஒப்பு நோக்குவோம். பற்றே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணம். புறப்பொருள்கள் பத்து என்றும், அகப்பற்றுகள் பதினான்கு என்றும் விரித்துரைப்பர். புறம் பத்தினுள் நிலமும் வீடும் ஆடையும் பாண்டமும் அடங்கும். அகம் பதினான்கு எவ்வறையிலும் கண்ணுக்குத் தோன்றா. எனவே, அறை வெறுமையாக இருப்பது மனம் வெறுமையானதற்குச் சான்றாகாது.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். விலங்குகளை அளவிறந்து ஓட்டுதல், அளவிறந்து சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை, அளவிறந்து பாரம் ஏற்றுதல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதை உற்று நோக்குங்கள். பொருள் வாங்காமலே செய்யத்தக்க குற்றம் அது. வண்ணப் படங்களில் பிறருடைய வெண்ணிற வீட்டைக் கண்டு, அதுபோல் நமக்கு இல்லையே என ஏங்குதல் இதன்பாற்படும். நன்றாக இருக்கும் தேக்குப் பலகையை விற்றுவிட்டு, எளிமையாகத் தோன்றும் புதுப் பலகையை இருமடங்கு விலைக்கு வாங்குவோரைக் காண்கிறோம். அங்குக் குறைந்தது அறையின் நெருக்கம், வளர்ந்தது வேட்கை.

வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்வதுபோல் மூன்று தொடர்களில் கூறலாம். அமைப்பு கண்ணுக்கு உரியது. விரதம் மனத்திற்கு உரியது. அமைப்பில் பொருள் எத்துணை தோன்றவேண்டும் என்று கேட்பர். விரதத்தில் எத்துணை போதும் என்று கேட்பர். அமைப்பு மாறினால் மீண்டும் வாங்குவர். விரதம் நிலைத்தால் வாங்குதல் நிற்கும்.

5. எதனைக் கழிப்பது, எதனைக் காப்பது?

வீடு மாறும்போது நம் முதியோர் உண்மையில் அஞ்சுவது சுவரைப் பற்றியன்று. பரணில் உள்ள பித்தளை அண்டா, மாமியார் தந்த தாம்பாளம், தாத்தாவின் ஏட்டுக்கட்டு ஆகியவற்றைப் பிள்ளைகள் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுவார்களோ என்பதே அவர்தம் அச்சம். இவ்வச்சத்தை மூடப்பற்று என்று ஒதுக்குதல் நன்றன்று.

சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887 இல் பதிப்பித்தபோது, சமணர் இல்லங்களில் காத்து வைத்திருந்த ஏடுகளும் சமணப் பெரியோர் தந்த விளக்கங்களும் அவருக்குப் பெருந்துணையாயின. படிப்பாரற்ற ஏடுகள் இடத்தை அடைக்கின்றன என்று அவ்வில்லத்தார் அன்று எண்ணியிருந்தால் யாது ஆகியிருக்கும்? ஆதலின் கழிக்கும் முன் பகுத்தறிதல் வேண்டும். மூன்று கூறாகப் பகுக்கலாம்.

நாளும் பயன்படுவன முதற்கூறு. இவை நம்மிடம் இருக்கட்டும். பிறர்க்குப் பயன்படுவன இரண்டாம் கூறு. இவை தானத்திற்கு உரியன. உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என நால்வகைக் கொடையைச் சமந்தபத்திரர் கூறுகிறார். அண்டாவும் தாம்பாளமும் ஆலயத்துச் சமையலுக்கு உபகரணமாகலாம். கட்டிலும் பலகையும் வீடற்றோர் உறையுளுக்குச் செல்லலாம். நமக்குப் பின்னும் இருக்கவேண்டுவன மூன்றாம் கூறு. ஏட்டுச்சுவடி, பழைய படிமம், முன்னோர் கைப்பட எழுதிய தோத்திரக் குறிப்பு முதலியன இவ்வகையின. இவற்றை வீட்டில் காக்க இயலாவிடின், சுவடிகளைப் பேணும் மேல்சித்தாமூர் மடம் போன்ற இடங்களில் ஒப்படைத்தல் கடமை. முதியோர் கண்முன்னே, அவர் கையாலேயே இப்பகுப்பு நிகழ்தல் வேண்டும். கேளாமல் எடுத்தெறிவது அவர் மனத்தை வருத்தும், அதுவும் ஹிம்சையே.

6. நம் ஊர்க் குன்றுகள் கற்பிப்பது

செஞ்சியில் இப்பாடத்திற்கு இரண்டு கரும்பலகைகள் உள்ளன. ஒன்று இராசகிரிக் கோட்டை. அடிவாரத்தில் கல்யாண மகாலும், தடித்த சுவர்களையுடைய களஞ்சியங்களும் இன்றும் நிற்கின்றன. முற்றுகையைத் தாங்கச் சேர்த்து வைத்தல் கோட்டைக்கு இன்றியமையாதது. ஆயினும் 1677 இல் சிவாஜி வசமும், 1698 இல் முகலாயர் வசமும், பின்னர்ப் பிறர் வசமும் அது மாறி மாறிச் சென்றது. 2025 சூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. சேர்த்தோர் எவர்க்கும் அது நிலைக்கவில்லை.

மற்றொன்று சிறுகடம்பூரை அடுத்த திருநாதர் குன்று. அங்கே ஒரு பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அங்கு உள்ளது. அக்கல்வெட்டு ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினது என்பர். அவருக்குச் சுவரில்லை, களஞ்சியமில்லை, பாறையும் வானமுமே இருந்தன. எனினும் அவர் பெயர் நிற்கிறது.

இல்லறத்தாராகிய நாம் அக்குன்றின் உச்சியில் வாழ இயலாது. கோட்டைக் களஞ்சியமாகவும் வாழ வேண்டுவதில்லை. இரண்டிற்கும் இடையே நமக்கு வகுக்கப்பட்ட படிதான் அணுவிரதம்.

7. முடிவுரை

ஆயத்த வீட்டிற்கும் பொருளளவு வரைதலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் அளவை முன்னரே முடிவு செய்தல் வேண்டும். அச்சில் வார்த்தபின் சுவரை நீட்ட இயலாது. விரதம் ஏற்றபின் வேட்கையை நீட்டலாகாது. இவ்வொற்றுமையை உணர்ந்து கட்டுவோர் எவ்வீட்டிலும் நன்கு வாழ்வர். எனவே மாணவிக்கு நான் கூறும் விடை இது: ஆயத்த வீடு கட்டுவதில் குற்றமில்லை, தேர்ந்து, சிறிதாகக் கட்டுக. பொருள் குறைந்த அறை நன்று. அதனையே விரதம் என்று எண்ணி மயங்கற்க. பெற்றோர் விரும்பினால், பழைய வீட்டின் ஒரு பகுதியைச் செப்பனிட்டு அங்கேயே எண்ணி வைத்த பொருளோடு வாழ்தல் இவ்விரண்டினும் மேலானதாகவும் அமையலாம்.

பயிற்சி

அ. உங்கள் இல்லத்தில் ஓர் அறையைத் தேர்ந்து, அங்குள்ள பொருள்களை எண்ணி எழுதுக. ஓராண்டாகத் தொடாதவற்றைக் கோடிட்டுக் காட்டுக.

ஆ. அவற்றை மேற்கூறிய மூன்று கூறுகளாகப் பகுக்க. வீட்டில் முதியோர் இருப்பின் அவரைக் கேட்டே பகுக்க.

இ. உணவுபோல் ஒருமுறை நுகர்வன போகம். ஆடை, கலம், வீடு போல் பலமுறை நுகர்வன உபபோகம். உபபோகப் பொருள்களுள் ஏதேனும் ஒன்றை, அடுத்த இதழ் வரும்வரை புதிதாக வாங்குவதில்லை என நியமம் ஏற்க. காலம் குறித்து ஏற்பது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். மூன்று திங்கள் நியமம் காத்தோர்க்கு யமத்தின் வாயில் தானே திறக்கும்.

வாழ்க அறம்! வளர்க நல்லொழுக்கம்!